பதினஞ்சு முழத் துணி

அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதிய, கொஞ்சம் ஜன்னல் பக்கமா தள்ளி உக்காருங்க. உங்க தோள்பட்டை என்மேல இடிக்கி. வேர்வை, பாத்துக்கிடுங்க. உங்களைக் குத்தம் சொல்லலை. மனுசன்னா வேர்க்கத்தான் செய்யும். எனக்கும் வேர்க்கும். ஆனா என் வேர்வை வேற, நாத்தம் இருக்காது. சிரிக்கியளே! வேணும்னா மோந்து பாருங்க. வேண்டாமா? சரி, விடுங்க.

அம்பையா நீங்க? நான் பாபநாசம் போறேன். அம்பை வரைக்கும் பேச்சுத் துணை ஆச்சு. எனக்கு இந்த பஸ்ஸுல ஏறவே மனசு வரலை. கம்பியைப் பிடிச்சா பிசுபிசுன்னு ஒட்டுது. எத்தனை பேர் கை! மூக்கைச் சிந்தின கை, எங்கெங்கயோ சொறிஞ்ச கை. அந்தா முன் சீட்டுல பாருங்க, அந்தப் பொட்டப்பிள்ளை வாந்தி எடுக்கு. சீ! அவ அம்மை ஏந்துதா பாருங்க, வெறுங்கையால! ஏந்தி ஜன்னல் வழியா வீசிட்டு, அதே கையைச் சேலையில துடைச்சு, பிள்ளை நெத்தியைத் தடவுதா. எப்படித்தான் முடியுதோ இந்தப் பொம்பளைகளுக்கு.

நான் வாந்தி எடுக்க மாட்டேன்னு சொல்லலை. தினம் எடுக்கேன். காலம்பற நாலரை மணிக்கு ஆறு தம்ளர் உப்புத்தண்ணி குடிச்சு, ரெண்டு விரலை உள்ள விட்டு எடுக்கேன். ஆனா அது வாந்தி இல்லை, கிரியை. வித்தியாசம் இருக்குல்லா? வாந்தி அதுவா வரும். கிரியை நான் சொன்னா வரும். இந்த ஒடம்புல எதுவும் அதுவா வரக்கூடாது அண்ணாச்சி. என் உத்தரவு இல்லாம ஒரு ஏப்பம்கூட வரக்கூடாது. அதுதான் யோகம்.

என் பேரு குத்தாலநாதன். தமிழாசிரியரா இருந்து ரிடையராகி ஆறு வருசம் ஆச்சு. பள்ளிக்கூடத்துல பிள்ளைகளுக்கு இலக்கணம், வீட்டுல எனக்கு நானே யோகம். முப்பத்தோரு வருசமா ஒரு நாள் விட்டதில்லை. எங்க அப்பா செத்த அன்னைக்குக்கூட முடிச்சுட்டுத்தான் போனேன். கொஞ்சம் பிந்திட்டு. கொள்ளி வைக்கக் காத்துக்கிட்டு இருந்தாக.

இந்த ஒடம்பை என்னன்னு நெனைக்கிய? ஒம்பது ஓட்டை போட்ட தோல்பை. ஒவ்வொரு ஓட்டையிலயும் என்ன வருதுன்னு எண்ணிப் பாருங்க. கண்ணுல பூளை. காதுல குறும்பி. மூக்குல சளி. மத்ததைச் சொல்லலை, நீங்க எறங்கிப் போயிருவிய. ஒண்ணாவது நல்லதா வருதா? பாபநாசத்துல மலையடிவாரத்துல மடம் வச்சிருக்காகல்லா ஒரு சாமி, அவுக சொல்லுவாக, ஒடம்பைத் திட்டாதே, கழுவுன்னு. கழுவிக் கழுவி வச்சா அந்தப் பைக்குள்ளயே வெளக்கு தெரியுமாம். அந்த ஒரு சொல்லைப் பிடிச்சுக்கிட்டவன்தான் நான். கழுவுதேன், கழுவுதேன், இன்னைக்கு வரைக்கும் கழுவுதேன்.

மூக்குக்கு நூல். ஒரு தொளையில விட்டு வாய் வழியா எடுக்கணும். வயித்துக்குத் துணி. ஆமா, துணிதான். நாலு விரல் அகலம், பதினஞ்சு முழம் நீளம், மல்லுத்துணி. வெதுவெதுப்பான தண்ணியில நனைச்சு, நுனியை நாக்கு மேல வச்சு, சோறு முழுங்குத மாதிரி முழுங்கிக்கிட்டே போகணும். வால் ஒரு முழம் வெளிய தொங்கும். வயித்தை நாலு கலக்குக் கலக்கி, மெல்ல இழுத்தா அம்புட்டு கசடும் ஒட்டிக்கிட்டு வந்துரும். நீங்க செஞ்சு பாத்துராதிய, தொண்டையில சிக்கிச்சுன்னா உசுருக்கு ஆபத்து.

அது வெளிய வரும்போது ஒட்டிக்கிட்டு வரும் பாருங்க, மஞ்சளா, பச்சையா, கோழை கோழையா. ஏ யப்பா! ஒரு நாள் பாத்துட்டேன். அன்னைக்குப் பூரா சோறு எறங்கலை. அன்னையிலருந்து கண்ணை இறுக்க மூடிக்கிட்டுத்தான் இழுப்பேன். என் பெண்டாட்டி வடிவு பித்தளைச் சட்டியை நீட்டுவா, அதுல போட்டுருவேன். அவ கொண்டு போயி அலசி, சோடா உப்பு போட்டு வேக வச்சு, கொல்லையில தனிக்கொடி கட்டிக் காயப்போட்டு, சுருட்டி, மறுநாள் நாலரைக்குத் தண்ணியோட கொண்டு வந்து வச்சிருவா. முப்பத்தோரு வருசம் அண்ணாச்சி. ஒரு நாள் முகம் சுளிச்சதில்லை. சுளிச்சாளோ என்னமோ, நான் கண்ணை மூடிக்கிட்டுல்லா இருந்தேன்.

இப்ப யாரு துவைக்கான்னு கேக்கியளா? நல்ல கேள்வி. அதைச் சொல்லத்தான் வாயைத் தொறந்தேன்.

போன ஆவணியில, கொடியில கெடந்த துணியை எடுக்கப் போனவ அப்படியே சரிஞ்சுட்டா. பக்கவாதம். வலது பக்கம் பூரா விழுந்துட்டு. ஆஸ்பத்திரியில இருபது நாள் வச்சிருந்து, இனி வீட்டுல வச்சுப் பாத்துக்கிடுங்கன்னு அனுப்பிட்டாக. பேச்சும் போச்சு. ஒரே ஒரு சொல்லு மட்டும் மிஞ்சிச்சு. சில பேருக்கு அப்படி ஒரு சொல்லு தங்கிரும்னு டாக்டர் சொன்னாரு. என் பேரு தங்கலை. மக செண்பகா பேரு தங்கலை. முருகான்னு ஒரு சொல்லு தங்கப்படாதா? தங்கலை. 'துணி'. அதுதான் தங்குச்சு.

முத நாள் அதைக் கேட்டப்ப எனக்குப் பெருமை தாங்கலை. பாருங்க, எந்திரிக்க முடியாம கெடக்கா, வாய் கோணிட்டு, எச்சி ஒழுகுது, அப்பவும் என் துணியைல்லா கேக்கா! ஊறப்போட்டாச்சா, வேக வச்சாச்சான்னு கேக்கா! தெருவுல எதிர்ப்பட்ட ஆளுகிட்ட எல்லாம் சொன்னேன். ரெண்டு மூணு பேரு கண்ணைத் துடைச்சாக. நீங்க குடுத்து வச்ச ஆளு சார்னாக.

நான் வாசல்ல நின்னு சொல்லுவேன், ஏளா, கவலைப்படாத, துணியை நான் பாத்துக்கிடுதேன்னு. ஆமா, வாசல்லதான். உள்ள போக முடியாது. அந்த நாத்தம் இருக்கே! மூத்திரமும் மத்ததும் மருந்தும் சேந்து வாசல் வரைக்கும் வந்து அடிக்கும். சாம்பிராணி போட்டேன், கற்பூரம் கொளுத்தினேன், கைக்குட்டையில நீலகிரித் தைலத்தை ஊத்தி மூக்குல கட்டிக்கிட்டேன், ம்ஹும். பெருக்கித் தெளிக்க வாரா பேச்சி, அவளைத்தான் காலம்பறயும் சாயந்தரமும் கழுவி விடச் சொன்னேன். அவளும் செஞ்சா, பாவம். ரெண்டு வேளை போதாதா அண்ணாச்சி? நான் ஒரு வேளைதான போறேன்.

ஆனா என் துணியைத் துவைக்கியாட்டின்னு பேச்சிகிட்ட கேட்டதுக்கு, அய்யா, அம்மாவுக்குச் செய்யச் சொல்லுங்க செய்யுதேன், இந்தக் கர்மத்தை என்னால தொட முடியாதுன்னுட்டா. பாருங்க கூத்தை! பெறவு நானே இடுக்கியால பிடிச்சு, கண்ணை மூடிக்கிட்டு அலசினேன். என்னத்த அலசினேனோ.

வடிவு காலம்பற பேச்சி போயி ஒரு மணி நேரத்துல ஆரம்பிப்பா. துணி. துணி. துணி. சில நாள் சத்தமா, சில நாள் முனங்கலா. மதியம் தாண்டினா அழுகையும் சேந்துக்கிடும். சாயந்தரம் பேச்சி வந்துட்டுப் போனதும் அசதியில நிறுத்திருவா. நான் முன்னறையில கதவைச் சாத்திக்கிட்டு தியானத்துல உக்காந்திருப்பேன். கதவுக்கு வெளிய இருந்து அந்தச் சொல்லு வந்துக்கிட்டே இருக்கும். அதையே மந்திரமா எடுத்துக்கிட்டு மூச்சை அடக்கிருக்கேன் சில நாளு, நம்புவியளா?

கார்த்திகையில கோயில் மண்டபத்துல பேசக் கூப்பிட்டாக. தலைப்பு மும்மலம். ஆணவம், கன்மம், மாயை, இந்த மூணு மலமும் ஆன்மாவை எப்படி ஒட்டிக்கிட்டுக் கெடக்குன்னு ரெண்டு மணி நேரம் பேசினேன். ஒருத்தர் எந்திரிச்சுப் போகலை. பொன்னாடை போத்தினாக. அதே துண்டோட வீட்டுக்குள்ள காலை வச்சா, பேச்சி அன்னைக்குச் சாயந்தரம் வரலை போல, நடை வரைக்கும் நாலாவது மலம் அடிக்கி! சவம், அந்தப் பொன்னாடையைத் தூக்கி மூக்குல வச்சுக்கிட்டே உள்ள ஓடினேன்.

தை மாசம் செண்பகா பெங்களூர்ல இருந்து வந்தா. அந்த ரூமுக்குள்ள போனவ கால் மணி நேரம் கழிச்சு வெளிய வந்து, அப்பான்னு ஒரு சத்தம் போட்டா பாருங்க! பெத்த அப்பன்னு பாக்கலை. என்னென்னமோ கேட்டா. நான் மூச்சைக் கவனிச்சுக்கிட்டு நின்னேன். மறுநாளே ஜெபக்கனின்னு ஒரு நர்ஸம்மாவைப் பிடிச்சுட்டு வந்து வச்சா. காலம்பற எட்டுலருந்து சாயந்தரம் ஆறு வரைக்கும். பாளையங்கோட்டைக்காரி, நாப்பது வயசு இருக்கும், மொகத்துல சிரிப்பே கெடையாது.

வந்த அன்னைக்கே அவ வடிவைப் புரட்டிப் படுக்க வச்சுட்டு, சார், இங்க வந்து பாருங்கன்னா. நான் போகலை. வாசல்லருந்தே என்னம்மான்னேன். முதுகுல ரெண்டு எடத்துல குழி விழுந்திருக்கு சார், தொடையெல்லாம் வெந்து கெடக்கு, அம்மா இத்தனை மாசமா துணி மாத்தச் சொல்லித்தான் கேட்டிருக்காங்க, உங்க காதுல விழலையான்னா.

எனக்கு வந்துச்சே கோவம்! ஏம்மா, முப்பத்தெட்டு வருசம் அவளோட குடும்பம் நடத்தினவன் நான், நேத்து வந்தவ நீ, என் பெண்டாட்டி சொல்லுத சொல்லுக்கு எனக்கே உரை எழுதுதியான்னேன். பஞ்சையும் தண்ணியையும் எடுத்துக்கிட்டு அவ வேலையைப் பாக்கப் போயிட்டா. திமிரு.

அதுக்கப்புறம் ஒரு அதிசயம். ஒரு வாரத்துல பகல்ல அந்தச் சொல்லு குறைஞ்சு போச்சு. ஜெபக்கனி ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை உள்ள போறா, வாரா, வடிவு வாயைத் தொறக்க மாட்டேங்கா. எனக்கு வருத்தமாவே இருந்துச்சு. முப்பத்தோரு வருசம் என் துணியைத் துவைச்சவ, ஒரே வாரத்துல மறந்துட்டாளே! பொம்பளை மனசு இவ்வளவுதானான்னு வெறுத்துட்டு.

சேரன்மாதேவியா இது? அதுக்குள்ள வந்துட்டா? அந்தக் கடலை வேண்டாம் அண்ணாச்சி, நீங்க சாப்பிடுங்க. அவன் விரலை நக்கிட்டுப் பொட்டலம் மடிக்கான், நான் பாத்தேன்.

கேளுங்க. போன ஞாயித்துக்கிழமை ஜெபக்கனி சர்ச்சுக்குப் போயிட்டா. மதியம்தான் வருவேன்னு சொல்லிட்டா. ஒம்பது மணி இருக்கும், வடிவு ஆரம்பிச்சா. துணி. எனக்கு ஒரு பக்கம் சந்தோசம், மறக்கலை பாருங்க! ஆனா நிறுத்தலை. பத்து மணி ஆச்சு, பத்தரை ஆச்சு. துணி, துணி, துணி. சரி, பாவம், கண்ணால பாத்தா நிம்மதியாவான்னு, வேக வச்சுச் சுருட்டி வச்சிருந்த என் துணியை எடுத்துக்கிட்டு, மூக்கைக் கட்டிக்கிட்டு உள்ள போனேன். மாசக்கணக்குக்கு அப்புறம் கட்டில் பக்கத்துல போறேன். ஏளா, இந்தா பாரு உன் துணி, எப்படி வெள்ளையா இருக்கு பாருன்னு அவ மொகத்துக்கு நேரா நீட்டினேன்.

பொய் சொல்லலை அண்ணாச்சி, அவ மொகத்துல ஒரு வெளிச்சம் வந்துச்சு. கண்ணுல மளமளன்னு தண்ணி. இடது கையால வெடுக்குன்னு பிடிச்சா. இழுத்தா. சுருட்டு உருண்டு உருண்டு பதினஞ்சு முழமும் கட்டில் மேல விழுது. நானும், கண்ணுல ஒத்திக்கிடப் போறான்னு விட்டுக் குடுத்துக்கிட்டு நிக்கேன். அவ போர்வைக்குள்ள கொண்டு போனா. இடுப்புக்குக் கீழ கொண்டு போயி... எப்படிச் சொல்ல? துடைச்சா அண்ணாச்சி! அந்த ஒத்தைக் கையால, கொஞ்சங் கொஞ்சமா, துடைச்சுத் துடைச்சு வெளிய தள்ளுதா. மஞ்சளா! என் வயித்துக்குள்ள போற துணி! துடைச்சு முடிச்சுட்டு என்னைப் பாத்து 'துணி'ன்னா. சிரிச்ச மாதிரி இருந்துச்சு.

கொல்லைக்கு ஓடினேன். வாந்தி எடுத்தேன். உப்புத்தண்ணி குடிக்காம, விரலை விடாம, அதுவா வந்த வாந்தி. முப்பத்தோரு வருசத்துல மொத தடவை. என் உத்தரவு இல்லாம என் ஒடம்பு செஞ்ச மொத காரியம் அது. நான் கட்டிக் காத்தது எல்லாம் அந்த ஒரு நிமிசத்துல போச்சு. எனக்கு அழுகை வந்துட்டு அண்ணாச்சி, மறைக்க என்ன இருக்கு?

கிணத்தடியில போயி ஊத்தினேன் ஊத்தினேன், தலையில அப்படி ஊத்தினேன். நாத்தம் போகலை. மூக்குக்குள்ளயே உக்காந்துக்கிட்டு. எத்தனாவது வாளியோ, அப்பத்தான் திடீர்னு உறைச்சுது. துணி. பெயர்ச்சொல்லா எடுத்தா ஆடை. வினைச்சொல்லா எடுத்தா? ஏவல்! நட, வா, படி, துணி. நீ துணிவாயாக! முப்பத்து நாலு வருசம் கரும்பலகையில எழுதிப் போட்டவன், எனக்கே எட்டு மாசமா தோணலை பாருங்க. வடிவு துணியைக் கேக்கலை. எனக்கு உபதேசம் பண்ணுதா. துணிஞ்சு போ, இந்த நாத்தத்தை விட்டுட்டு மலைக்குப் போன்னு சொல்லுதா. என் துணியை அவ அசிங்கப்படுத்தினதும் அதுக்குத்தான். இனி இந்த வீட்டுல உனக்கு யோகம் இல்லைன்னு காட்டத்தான். மிஞ்சினது ஒரே ஒரு சொல்லு, அதையும் எனக்காகச் செலவழிச்சிருக்கா அந்த மகராசி. ஈரத்துண்டோட கிணத்தடியில நின்னு கும்பிட்டேன்.

மதியம் ஜெபக்கனி வந்து பாத்தா. கட்டிலைப் பாத்தா, அந்தத் துணியைப் பாத்தா, என்னையும் பாத்தா. வெந்நி போடப் போயிட்டா.

அன்னைக்கே மடத்துக்குப் போன் போட்டேன். நிரந்தரமா வந்துருதேன்னு சொன்னேன். அங்க ஒரு சட்டம் இருக்கு. குடும்பஸ்தன் வந்து சேரணும்னா பெண்டாட்டி சம்மதக் கடுதாசி வேணும். அவ சம்மதிச்சதைக் காதால கேட்ட சாட்சி ஒருத்தர் கையெழுத்து வேணும். நானே உக்காந்து எழுதினேன். 'என் கணவர் துறவு வாழ்வு மேற்கொள்ள மனமுவந்து இசைகிறேன்.' சந்திப்பிழை ஒண்ணு காட்ட முடியாது உங்களால.

நேத்து மதியம் ஜெபக்கனி சாப்பிட்டுக் கை கழுவிக்கிட்டு இருக்கா. உள்ள வடிவு ஆரம்பிச்சுட்டா. அந்தச் சமயம் பாத்து ஜெபக்கனியைக் கூப்பிட்டேன். வாம்மா, நீதான் சாட்சின்னேன். வாசல்ல நின்னு கேட்டேன், வடிவு, நான் மடத்துக்குப் போகட்டுமா? 'துணி'ன்னா. பளிச்சுன்னு. கேட்டியாம்மா, போடு கையெழுத்தைன்னு பேனாவை நீட்டினேன்.

அவ பேனாவை வாங்கலை. கொஞ்சம் இருங்க சார்னு உள்ள போனா. வெந்நி எடுத்துட்டு வந்தா. நான் செவுத்தைப் பாத்துத் திரும்பி நின்னேன். புரட்டுதா, கழுவுதா, தண்ணி சொட்டுத சத்தம் கேக்கு, பவுடர் மணக்கு. பத்து நிமிசம் இருக்கும். பெறவு கையைத் துடைச்சுக்கிட்டு எனக்குப் பக்கத்துல வந்து நின்னுட்டு, 'இப்பக் கேளுங்க சார்'னா.

கேட்டேன். வடிவு, நான் மடத்துக்குப் போகட்டுமா? என்னையே பாக்கா. ஒரு சொல்லு வரலை. ரெண்டாவது தடவை கேட்டேன். மூணாவது தடவை சத்தமாவே கேட்டேன். அவ பாட்டுக்குக் கண்ணை மூடித் தூங்கிட்டா. குறட்டை விட்டா அண்ணாச்சி!

நான் போட மாட்டேன் சார்னு சொல்லிட்டுப் போயிட்டா ஜெபக்கனி. சூழ்ச்சி! நீங்களே சொல்லுங்க, நனைஞ்சு கெடக்கப்ப ஒரு பதிலு, காஞ்சு கெடக்கப்ப ஒரு பதிலா? ஒரு தடவை சொன்னது சொன்னதுதான? கல்யாணத்துல தாலி கட்டும்போது ரெண்டு தடவையா கேட்டாக?

கைநாட்டை மட்டும் இன்னைக்குக் காலம்பற நானே வாங்கிட்டேன். ஜெபக்கனி மருந்துக்கடைக்குப் போன நேரத்துல. கையில பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கிட்டேன், அவ வச்சிருக்காள்ளா, அந்த உறை. ஸ்டாம்ப் பேடுல வடிவு இடது பெருவிரலை வச்சு, கடுதாசியில அமுக்கினேன். அவ கையைத் தொட்டு எட்டு மாசம் இருக்கும். சூடா இருந்துச்சு. உறைக்கு மேலயே தெரிஞ்சுது. எடுக்கப் போனா என் விரலைப் பிடிச்சுக்கிட்டா. விட மாட்டேங்கா. ஏளா விடு, ஏளா விடுங்கேன், ஒத்தைக் கையில அவ்வளவு பலம் எங்கருந்து வந்துச்சோ. துணின்னு சொல்லலை. பிடிச்சுக்கிட்டு என் மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்தா. ஜெபக்கனி வந்துரப்போறான்னு நான் கையை உருவிக்கிட்டு வந்துட்டேன். உறை அவ கையிலயே நின்னுட்டு. நான் பையை எடுத்துக்கிட்டுக் கெளம்பும்போது பாத்தேன், அப்பவும் அந்த உறையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் படுத்துருந்தா.

சரி, அது கெடக்கு. கல்லிடை தாண்டிட்டுல்லா? அப்ப அம்பை வந்துரும். அண்ணாச்சி, உங்ககிட்ட ஒரு உதவி. இந்தாங்க கடுதாசி, ரெண்டு கவருக்குள்ள போட்டு வச்சிருக்கேன், நாத்தம் இல்லை, பயப்படாம பிடிங்க. கீழ 'சாட்சி'ன்னு போட்டு எடம் விட்டுருக்கேன் பாருங்க. நீங்க ஒரு கையெழுத்துப் போடுங்க. நடந்தது ஒண்ணுவிடாம கேட்டியள்ளா? அவ வாயால சொன்னதை நீங்களே நேர்ல கேட்ட மாதிரிதான. ஜெபக்கனிக்கு இலக்கணம் தெரியாது. உங்களைப் பாத்தா படிச்சவக மாதிரி இருக்கு.

என்ன கேக்கிய? வீட்டுல இப்ப யாரு இருக்கான்னா? ஜெபக்கனி இருக்கா. ஆறு மணிக்குப் போயிருவா. கோயிலுக்குப் போயிட்டு ஆறுக்குள்ள திரும்பிருதேன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன், அந்த ஒரு பொய்யி சாமி மன்னிப்பாக. கதவை வெறுமனே சாத்திட்டுப் போகச் சொல்லிருக்கேன். காலம்பற எட்டு மணிக்கு அவ வந்துருவா. நாளைக்கு வியாழக்கிழமை, செண்பகாவும் வந்துருவா. நடுவுல ஒரு ராத்திரிதான. நான் இருந்தாலும் முன்னறையிலதான படுத்துருப்பேன்?

அப்படிப் பாக்காதிய அண்ணாச்சி. நான் ஒண்ணும் அப்படியே போட்டுட்டு வரலை. துவைச்ச துணி பத்து எடுத்து மடிச்சு, அவ தலைமாட்டுல, இடது கைக்கு எட்டுத மாதிரி அடுக்கி வச்சுட்டுத்தான் வந்திருக்கேன். நனைஞ்சா எடுத்துக்கிடட்டும். வேற என்னத்துக்குக் கேக்கப் போறா அவ?

இந்தாங்க பேனா. ஏன், பேனாவைப் பிடிக்க மாட்டேங்கிய? மணி அஞ்சரைதான் ஆகுது, அதை ஏன் பாக்கிய? போனை எதுக்கு எடுக்கிய? எந்தத் தெரு, கதவு நம்பர் என்னன்னு எதுக்கு அண்ணாச்சி கேக்கிய? நான் கேட்டது ஒரு கையெழுத்துத்தான.